இடுப்புவலி போய்விட்டது, தள்ளாட்டம் ஏன் போகவில்லை?

கேள்வி: பல மாதம் படுத்திய இடுப்புவலி இப்போது இல்லை. ஆனால் பேன்ட் மாட்ட ஒற்றைக் காலில் நின்றால் தள்ளாடுகிறேன். கண்ணை மூடி முகம் கழுவும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. இடுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? பெல்ட் போட்டால் சரியாகுமா?

பதில்: சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்புண்டு. அசையாமல் நிற்கிறோம் என்று நாம் நினைக்கும்போதும் உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். கண், உள்காது, அப்புறம் தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் போகும் நரம்புச் செய்தி, இந்த மூன்றையும் வைத்துத்தான் மூளை அந்த ஆட்டத்தை நொடிக்கு நொடி சரிசெய்கிறது. முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் மல்டிஃபிடஸ் என்ற தசை, எலும்புகளைப் பிடித்து வைப்பதோடு இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் மூளைக்குச் சொல்கிறது. இடுப்புவலி வந்தால் இந்தத் தசை சுருங்கிப் போகலாம். வலி நின்றதும் அது தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. அதுவரை கண்தான் ஈடுகட்டுகிறது, கண்ணை மூடினால் சாய்கிறீர்கள்.

1996-ல் ஆஸ்திரேலியாவின் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கையை அசைக்கச் சொன்னால், வலியில்லாதவர்களுக்குக் கை நகரும் முன்பே அடிவயிற்றின் ஆழத் தசை இறுகிக்கொள்கிறது, இடுப்புவலிக்காரர்களுக்கு அது தாமதமாகிறது. உங்களுக்கும் பலம் இல்லை என்பதைவிட, நேரம் தவறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் பெல்ட் இதற்குத் தீர்வு இல்லை. வலி கடுமையாக இருக்கும் சில நாள் உதவலாம், ஆனால் தசைக்கு அது எதையும் கற்றுத்தராது. இடுப்பை நிலைப்படுத்துவது என்றதும் பலர் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்து மரக்கட்டை மாதிரி நிற்கிறார்கள், அது தப்பு. இடுப்பு விறைத்தால் சமாளிக்கும் வேலை முழுவதும் கணுக்காலுக்குப் போய்விடும், தள்ளாட்டம் கூடத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது இதுதான். கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் மெதுவாக நீட்டி, 5 முதல் 10 விநாடி நிறுத்தி, பக்கம் மாற்றுங்கள். கால் எவ்வளவு உயரம் போகிறது என்பது முக்கியமே இல்லை, இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீட்டியிருக்கும்போதே வாய்விட்டு எண்ணுங்கள், எண்ண முடியவில்லை என்றால் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள். இதோடு நிறுத்தினால் போதாது. நிற்கும் சமநிலை நின்று பழகினால்தான் வரும். சுவரோரம் ஒற்றைக் காலில் நில்லுங்கள், 30 விநாடி சுலபமாக வந்தபிறகு தலையை இடம் வலம் திருப்பிப் பாருங்கள், கண்ணை மூடுவது அதற்கும் அப்புறம்தான். தினமும் சில நிமிடம் போதும், ஆனால் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள்.

எல்லாத் தள்ளாட்டத்துக்கும் இடுப்பு காரணம் அல்ல. தலை சுற்றினால் காதையும், பாதம் மரத்திருந்தால், முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்கள், நரம்பையும் பரிசோதிக்க வேண்டும். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ எந்தப் பயிற்சியும் வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.