கிறிஸ்தவ மெட்டல் பேண்டுகளின் முதல் ஆல்பங்களில் ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? ஏன்?

ஹோர்டின் 'ஹெல்லிக் உஸ்வார்ட்', 1994.

இந்தக் கேள்விக்குப் பாதிப் பேர் ஸ்ட்ரைப்பரைத்தான் சொல்வார்கள், அதில் தப்பில்லை. மஞ்சளும் கருப்புமாகக் கோடு போட்ட உடையில் மேடையேறி, கூட்டத்துக்குள் பைபிளைத் தூக்கிப் போட்ட ஆட்கள், 1984லேயே முதல் தட்டை வெளியிட்டவர்கள். ஆனால் அவர்கள் பாட்டு காதுக்கு இனிக்கும், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதுகூடப் போடலாம். விசுவாசமும் மெட்டலும் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதைக் கேட்கணும் என்றால் ஹோர்ட்தான். பேண்ட் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் தாராளம்தான், ஏனென்றால் கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், குரல் எல்லாம் ஒரே ஆள். முதல் ஆல்பமும் இதுதான், ஒரே ஸ்டுடியோ ஆல்பமும் இதுதான்.

இது வந்த நேரம் தெரியாமல் கேட்டால் பாதி சுவை போய்விடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வேயில் பிளாக் மெட்டல், அதாவது சாத்தானைப் பாடிக் கிறிஸ்தவத்தை எதிர்த்த மெட்டல் வகை, வெறும் இசையாக இல்லை. ஆஸ்லோவில் மேஹெம் குழுவின் கிட்டார்காரர் யூரானிமஸ் நடத்திய ரெக்கார்டு கடையின் பெயரே 'ஹெல்வெட்டே', அதாவது நரகம். 1992 ஜூனில் பெர்கன் நகரத்தில் இருந்த ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது, அதன் பூர்வீகம் 12ஆம் நூற்றாண்டு. அடுத்தடுத்து இன்னும் பல தேவாலயங்களுக்கு இந்த வட்டத்து ஆட்கள் தீ வைத்தார்கள். 1993 ஆகஸ்டில் யூரானிமஸையே பர்ஸம் என்ற ஒற்றை ஆள் பிளாக் மெட்டல் பேண்டின் வார்க் விக்கெர்னெஸ் குத்திக் கொன்றார், 1994 மே மாதம் அவருக்கு 21 வருடத் தண்டனை.

சரி, அதே 1994ல் ஜெர்மனியின் நியூக்ளியர் பிளாஸ்ட் நிறுவனம் ஒரு பிளாக் மெட்டல் ஆல்பம் போடுகிறது. பெயர் நார்வேஜிய மொழியில், எழுத்தைப் பார்த்தாலும் சத்தத்தைக் கேட்டாலும் அசல் நார்வே சரக்கு மாதிரியே இருக்கிறது, பாடல்களோ சாத்தானுக்கு எதிராக. வாசித்தவர் பெயர் 'அனானிமஸ்', அதாவது பெயரில்லாதவர், என்று மட்டும் போட்டிருந்தார்கள். யூரானிமஸ் செத்த அடுத்த வருஷமே அந்த எதுகை எங்கே போய்க் குத்தும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆள் யார் என்று சொல்லச் சொல்லி லேபிளுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

ஆள் நார்வேக்காரரே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், மார்ட்டிஃபிகேஷன் என்ற கிறிஸ்தவ டெத் மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்துவிட்டு வெளியே வந்திருந்த ஜேசன் ஷெர்லாக். பிளாக் மெட்டல் சத்தத்தில் கிறிஸ்தவப் பாட்டு என்ற இந்த வகைக்கு 'அன்பிளாக் மெட்டல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இந்த ஆல்பம்தான் காரணம், தலைப்பின் அர்த்தமே 'புனித அன்பிளாக்' என்பதுதான்.

இது நக்கலா, நிஜமா என்று இன்னும் சண்டை ஓடுகிறது. தலைப்புகளை மட்டும் வாசித்தால் நக்கல் என்றுதான் தோன்றும். 'இன்வெர்ட் தி இன்வெர்ட்டட் க்ராஸ்' என்று ஒரு பாட்டு: நீ தலைகீழாகப் பிடித்த சிலுவையை நான் மறுபடி தலைகீழாக்குகிறேன், அவ்வளவுதான் விஷயம். (பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்ததால் தலைகீழ்ச் சிலுவையே அவருடையது என்று ஒரு பாரம்பரியம் உண்டு, அந்த வகையில் இரண்டு பக்கமும் வீண் சண்டை.) எனக்குப் பிடித்தது 'ரிலீஸ் அண்ட் க்ளோத் தி வர்ஜின் சாக்ரிஃபைஸ்'. கன்னிப் பெண்ணை நிர்வாணமாகப் பலிபீடத்தில் கிடத்துவது சாத்தானிய மெட்டலில் அரைத்த மாவு. இவர் அந்தப் பெண்ணின் கட்டை அவிழ்த்துவிடு என்கிறார், கூடவே அவளுக்கு உடுத்த ஏதாவது கொடு என்கிறார். அந்த 'க்ளோத்' என்ற ஒரு வார்த்தைக்காகவே சிரித்தேன், அப்புறம் அது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை என்றும் பட்டது. 'ட்ரிங்க் ஃப்ரம் தி சாலிஸ் ஆஃப் பிளட்' (ரத்தப் பாத்திரத்திலிருந்து குடி) என்ற தலைப்பைச் சபைக்குப் போகிறவர் பார்த்தால் திருவிருந்துப் பாத்திரம் ஞாபகத்துக்கு வரும், போகாதவர் பார்த்தால் ரத்தக்காட்டேரி ஞாபகத்துக்கு வரும்.

ஆனால் வெறும் நக்கலுக்காக யாரும் இப்படி வாசிக்க மாட்டார்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். கிட்டார் தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரே இரைச்சலாக ஓடும், பேஸ் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், குரல் தூரத்துப் பாழுங்கிணற்றிலிருந்து வருகிற அலறல், வார்த்தை ஒன்றும் புரியாது. இதெல்லாம் குறை இல்லை, அந்தக் காலத்து பிளாக் மெட்டலின் இலக்கணமே அதுதான், சுத்தமாகப் பதிவு செய்தால்தான் கேவலம். இவர் அடிப்படையில் டிரம்மர் என்பது கேட்டாலே தெரிகிறது. கிட்டார் வரிகள் எளிமையானவை, சில இடங்களில் ரொம்பவே எளிமை, ஆனால் அதன் அடியில் டிரம்ஸ் இடைவிடாமல் துரத்திக்கொண்டே இருக்கும், இரண்டு நிமிடம் அப்படி ஓடிவிட்டுச் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கும்போது வயிற்றில் ஒரு பள்ளம் விழும்.

குறை என்று சொன்னால், மொத்தம் 13 தடம், அதில் பாதிக்கு மேல் ஆட்டுக்கொம்பை நொறுக்குவேன், பென்டகிராம் என்ற ஐந்துமுனை நட்சத்திரத்தை உடைப்பேன் என்றே போகிறது. எதிரியைத் திட்டுவதற்கு எதிரியின் அகராதியையே எடுத்துக்கொண்டால் ஒரு கட்டத்தில் பாட்டு முழுக்க அவனே நிறைந்துவிடுகிறான். நடுவில் எனக்குச் சலித்தது, மறைக்கவில்லை. அதனால்தான் கடைசித் தடமான 'மைன் ஹார்ட் டோத் பிசீச் தீ' இவ்வளவு நன்றாக இருக்கிறது. அங்கே சண்டை ஓய்ந்துவிடுகிறது, யாருக்கும் பதில் சொல்லும் அவசரம் இல்லை, தலைப்பே சொல்கிற மாதிரி மன்றாட்டு மட்டும்தான். இந்த ஆள் இதை நம்பித்தான் செய்திருக்கிறார் என்று எனக்கு முழுசாகத் தோன்றியது அந்த இடத்தில்.

இப்படிக் கத்துவதெல்லாம் ஆராதனையா என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள், அதனால் முன்கூட்டியே: எதிரிகளின் வாயிலுள்ள பற்களைத் தகர்த்துப்போடும் என்று கேட்கிற 58ஆம் சங்கீதத்தை மெல்லிய குரலில் எப்படிப் பாடுவீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் போடச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ஹோர்ட் பிறகு 2006ல் ஆஸ்லோவிலேயே மேடையேறியது, நார்வேயின் ட்ராட்நார் குழுவினர் கூட வாசித்தார்கள், அது நேரடிப் பதிவாகவும் வந்தது. ஒலி அதில் தெளிவு அதிகம், ஆனால் எனக்கு ஸ்டுடியோ பதிவின் அழுக்குதான் பிடிக்கும்.

எப்படிக் கேட்பது என்றால், முதல் தடம் வெறும் முன்னுரை, அதைத் தாண்டிவிட்டு 'இன்வெர்ட்...' கேளுங்கள், பிறகு நேராகக் கடைசிக்குப் போங்கள். இரண்டும் ஒத்துவந்தால் முழுசாகக் கேட்கலாம், இல்லை என்றால் விட்டுவிடுங்கள், மூன்றாவது முறை கேட்டால் பிடித்துவிடும் ரகம் இல்லை இது. ஒத்துவந்தவர்கள் அடுத்து ஆன்ட்டெஸ்டர் என்ற நார்வேக் கிறிஸ்தவக் குழுவின் 'தி ஃபோர்சேக்கன்' கேளுங்கள், 2005ல் வந்தது, வாசிப்பும் பதிவும் இதைவிட எவ்வளவோ மேல். டிரம்ஸ் வாசித்திருப்பவர் மேஹெமின் ஹெல்ஹாமர்.