உடன் ஆய்பவர் தரும் கால் பங்கு

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கிற்கு இம்முறை விடையளிக்கிறேன். நான்கும் உடன் ஆய்வு செய்வோரைப் பற்றியவை என்பதால் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயர்கள் அவர்கள் விருப்பப்படியே விடப்பட்டுள்ளன.

கேள்வி: நான் வரலாற்றுத் துறையில் முழுநேர ஆய்வாளர். மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். ஆய்வு அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். மற்ற நால்வரும் வேகமாகப் போகிறார்கள். நான் இரண்டாம் இயலிலேயே எட்டு மாதமாக நிற்கிறேன். நெறியாளர் நல்லவர், ஆனால் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. சக ஆய்வாளர்களிடம் மனம் திறந்தால் திறமையில்லாதவள் என்று எண்ணிவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. அவர்களிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் கடிதத்தில் 'மற்ற நால்வரும் வேகமாகப் போகிறார்கள்' என்ற வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அந்த நால்வரும் உங்களைப் பற்றி அப்படியே எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். ஆய்வு அறையில் நாம் ஒருவருக்கொருவர் காட்டுவது எழுதி முடித்த பக்கங்களை மட்டுமே. அடித்துத் தள்ளிய பக்கங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களை வைத்து நடத்தப்பட்டு 2017-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனநலக் கோளாறுக்கு ஆளாகும் அபாயத்தில் இருந்ததாகக் கண்டது. நாடு வேறு, சூழல் வேறு என்றாலும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வாளர்களோடு பழகியவன் என்ற முறையில், நம் ஊரில் நிலைமை அதைவிட மேலாக இருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, உங்கள் அறையில் நீங்கள் ஒருவர் மட்டுமே திணறுகிறீர்கள் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

நெறியாளரிடம் கிடைக்காததை உடன் பயில்வோரிடம் தேடுவது குறுக்கு வழி என்றும் எண்ண வேண்டாம். ஆசிரியர் சொல்வதை முழுக்கக் கவனித்து உள்வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்குதான் என்று நன்னூல் பாயிரம் சொல்கிறது. உடன் கற்பவரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால் பங்கும், தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் மீதி அரைப் பங்கும் சேர்ந்தே புலமை நிறைகிறது என்று அது கணக்கிடுகிறது. இலக்கணம் எழுதியவர் இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கல்வி நிகழும் முறையாகவே சொன்னார். உங்கள் நெறியாளர் வாரந்தோறும் நேரம் ஒதுக்கக்கூடியவராக இருந்தாலும், மிச்சமுள்ள முக்கால் பங்கு உங்கள் அறையில்தான் இருக்கிறது.

எதைக் கேட்கலாம் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஆய்வு செய்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏரிப் பராமரிப்பு பற்றிய சான்றுகளுக்காக எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு நாள்தோறும் போய்வந்தேன். வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளின் அட்டவணைகளை மூன்று வாரம் புரட்டியும், ஒரு மதகைப் பழுதுபார்த்த செலவுக் கணக்கு எனக்கு அகப்படவில்லை. எதிர் மேசையில் அமர்ந்திருந்த, வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளர், தேநீர் குடிக்கப் போகும்போது என்னையும் அழைத்துப் போய், என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "மதகு வேலை என்றால் பொதுப்பணித் துறைக் கோப்பில் பாருங்கள்; வாரியத்தில் சுருக்கம்தான் இருக்கும்" என்றார். மறுநாள் பிற்பகலில் அந்தக் கட்டு என் மேசைக்கு வந்தது. அந்தப் பழக்கத்தில் என் இரண்டாம் இயலை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, பதினோரு இடங்களில் ஓரத்தில் பென்சிலால் 'இதை யார் சொன்னது?' என்று எழுதியிருந்தார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இரவு உட்கார்ந்து பார்த்தபோது, அவற்றில் ஒன்பது இடங்களுக்கு என்னிடம் சான்றே இல்லை. என் இயல் நகராமல் நின்றதற்குக் காரணம் சோம்பலும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. சான்றில்லாத இடங்களை மனம் உணர்ந்திருந்தும் கண் பார்க்க மறுத்ததுதான். அந்தப் பென்சில் எழுத்தைவிடப் பெரிய ஊக்கம் எனக்கு யாரும் தந்ததில்லை.

ஆகவே 'மனம் சரியில்லை, எழுத வரவில்லை' என்று தொடங்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், அப்படித் தொடங்க வேண்டாம். நால்வரில் நம்பிக்கையான ஒருவரிடம் இரண்டே இரண்டு பக்கத்தைக் கொடுத்து, படிக்கும்போது எந்த இடத்தில் பிடி நழுவியது என்று மட்டும் குறித்துத் தரக் கேளுங்கள். முழு இயலையும் கொடுத்துக் 'கருத்துச் சொல்லுங்கள்' என்றால் நல்ல மனமுள்ளவரும் தள்ளிப்போடுவார். இரண்டு பக்கத்தை யாரும் மறுக்கமாட்டார். அடுத்த வாரம் அவருடைய இரண்டு பக்கத்தை நீங்கள் வாங்கிப் படியுங்கள். கொடுக்கல் வாங்கலாக இருக்கும்போது தயக்கம் தானாகவே குறைந்துவிடும். டாக்டரல் கமிட்டி என்று நாம் வழங்கும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஒவ்வொரு பருவத்திலும் உங்கள் முன்னேற்றத்தை விளக்க வேண்டியிருக்கிறது அல்லவா? அதற்கு முந்தைய நாள் ஐந்து பேரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஒருவர் பேச, மற்றவர்கள் குழு உறுப்பினர்களைப் போலக் கேள்வி கேட்க வேண்டும். நன்னூல் சொல்லும் அந்த அரைப் பங்கு அங்கேதான் கிடைக்கும்.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுலகில் எழுதி வைக்கப்படாத செய்திகள் ஏராளம். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பதும் முதுநிலையில் அது 42,000 ரூபாய் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டாண்டு முடிந்ததும் அந்த மாற்றத்துக்கான மதிப்பீட்டுக் கூட்டத்தை யார் கூட்ட வேண்டும், எந்தத் தாளில் யார் கையொப்பம் வேண்டும், மாதாந்திர உறுதிப்படுத்தல் தவறினால் எந்த மேசையில் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் முந்தைய ஆண்டு மாணவரின் வாய்மொழியில்தான் இருக்கின்றன. வீட்டில் பேராசிரியர் இருப்பவருக்கு இவை சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்துவிடும். உங்களுக்கு அந்த வசதி இல்லாதது உங்கள் குறையன்று. மூத்த ஆய்வாளர்களிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவியிடம் அதைக் கொடுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு பகுதிநேரமாக ஆய்வு செய்கிறேன். நான்காம் ஆண்டு நடக்கிறது. பள்ளி, வீடு, இரண்டு பிள்ளைகள் என்று நாள் போய்விடுகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போவதே அரிது என்பதால் உடன் ஆய்வாளர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆறு ஆண்டுக்குள் முடிக்காவிட்டால் பதிவு போய்விடும் என்கிறார்கள்.
– வாசகி, தருமபுரி

பதில்: முதலில் அந்த அச்சத்தை நீக்கிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆய்வுக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிக அளவு ஆறு ஆண்டு. அதற்கு மேல் மறுபதிவின் வழியாக இரண்டு ஆண்டு வரை பெற இடமுண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. மொத்தம் பத்து ஆண்டைத் தாண்டக் கூடாது. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கென 240 நாள் வரை விடுப்பும் உண்டு. உங்கள் பதிவு எந்த விதிமுறையின் கீழ் வருகிறது என்பதைப் பதிவு ஆணையில் பார்த்து, அலுவலகத்தில் எழுத்து வடிவில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தாமாக யாரும் நீட்டித்துத் தரமாட்டார்கள். காலம் முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

உடன் ஆய்வாளர் இல்லை என்கிறீர்கள். ஆய்வுக்கான பாடநெறித் தேர்வை உங்களோடு எழுதியவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களில் உங்களைப் போலவே வேலையில் இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். துறை வேறாக இருந்தாலும் பரவாயில்லை. வாரத்தில் ஒரு நாள், பிள்ளைகள் எழுந்திருக்கும் முன் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, இன்று எந்தப் பத்தியை எழுதப் போகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு, அழைப்பைத் துண்டிக்காமல் ஒலியை மட்டும் அடக்கிவைத்து இருவரும் எழுதுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். இதைச் செய்து பார்த்த பகுதிநேர ஆய்வாளர்களை நான் அறிவேன். தனியாக அலாரம் வைத்து எழாதவர்கள், இன்னொருவர் காத்திருக்கிறார் என்பதற்காக எழுந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் வாட்ஸ்அப் குழு இந்த வேலையைச் செய்யாது. அங்கே கருத்தரங்கு அறிவிப்பு வரும், வாழ்த்துப் படம் வரும். உங்கள் இயலைப் பற்றி அங்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: நானும் என் நண்பரும் ஒரே நாளில் பதிவு செய்தோம். அவருக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. என்னால் மனதார வாழ்த்த முடியவில்லை. அவரைப் பார்ப்பதையே தவிர்க்கிறேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொறாமை வந்ததற்காக உங்களை நீங்கள் வெறுக்க வேண்டாம், அதை ஒளிக்காமல் எழுதியதிலேயே உங்கள் நேர்மை தெரிகிறது. ஆனால் அவரைத் தவிர்ப்பதால் இழப்பு உங்களுக்குத்தான். ஆய்வுச் சுருக்கம் கொடுத்தது, பிறர் எழுத்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு ஆய்வேட்டை அனுப்பியது, புறத் தேர்வாளர்களின் அறிக்கைக்குக் காத்திருந்தது, வாய்மொழித் தேர்வில் நின்றது ஆகிய அனைத்தும் அவருக்கு இன்னும் பசுமையாக நினைவில் இருக்கும். இரண்டு ஆண்டு போனால் அவரே மறந்துவிடுவார். நேரில் போய், "உங்களைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, அதனால்தான் வரவில்லை" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, உங்கள் முன்னுரையைக் கொடுத்துத் தேர்வாளரைப் போலப் படிக்கச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது. யாரும் போய் உட்காரலாம். அவருடைய தேர்வுக்கு நீங்கள் போகவில்லை என்றால், உங்கள் துறையில் அடுத்து நடக்கும் இரண்டு மூன்று தேர்வுகளுக்காவது போய், கேட்கப்படும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் விடுதி அறை நண்பர் வேதியியல் ஆய்வாளர். அவருடைய கட்டுரையில் நெறியாளர் ஆறு மாதமாகக் கையொப்பம் இடவில்லை. இப்போது அவர் ஆய்வகம் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, 'எல்லாம் முடிந்துவிட்டது' என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், சென்னை

பதில்: இதை இதழில் வரும்வரை காத்திருக்கவிடாமல், கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன். அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்.

'எல்லாம் முடிந்துவிட்டது' என்பதற்கு என்ன பொருள் என்று அவரிடமே கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பாரத்தைக் குறைக்கும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். விடுதிக் காப்பாளருக்கும் அவர் வீட்டாருக்கும் தெரிவித்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் நண்பரும் அவற்றை அழைக்கலாம். நீங்கள் நண்பர், மருத்துவரின் வேலையை உங்கள் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

நெறியாளர் விவகாரம் அதற்குப் பிறகு. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் முறையிட குறைகேள் அலுவலர் இருக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அவர் கொஞ்சம் தேறியதும், கட்டுரையை எந்தெந்த நாளில் கொடுத்தார், என்ன பதில் வந்தது என்பதைத் தேதிவாரியாக எழுத உடன் உட்காருங்கள். முதலில் ஆய்வு ஆலோசனைக் குழுவிடமும் துறைத் தலைவரிடமும் பேசிப் பார்த்து, அங்கே தீராவிட்டால் குறைதீர் குழுவுக்குப் போகலாம். 2022 விதிமுறைகளில், ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற பழைய கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தம் விதிகளில் அதை வைத்திருக்கலாம். அவருடைய பல்கலைக்கழகத்தில் அப்படி இருக்கிறதா என்பதை அவருக்குப் பதிலாக நீங்களே அலுவலகத்தில் கேட்டு வாருங்கள். இப்போது அவரால் அந்தப் படியேற முடியாது. காலையில் உணவகத்துக்கு நீங்கள் போகும்போது அவரையும் எழுப்பி அழைத்துப் போங்கள். பேச வேண்டும் என்றில்லை, எதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.