ஓடினால் கோழையா? விசுவாசத்துக்காக எதிர்ப்பைச் சந்திப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

சபை வரலாற்றையும் வேதத்தையும் நெடுநாள் கற்பித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சட்டம், மருத்துவம் என் துறை அல்ல.

ஞானஸ்நானம் எடுத்த பிறகு வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேதத்தைத் திறந்தாலும் மனசு ஒட்டவில்லை. எப்படித் திடப்படுவது?

முதலில் நன்றாகத் தூங்குங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கிண்டல் இல்லை. யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டுப் படுத்துவிட்டார். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அவர் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் வந்தது.

அப்புறம், தனியாகத் தாங்கப் பார்க்காதீர்கள். "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்று எழுதிய பவுல், அதே அதிகாரத்தில் (2 தீமோத்தேயு 4) சீக்கிரம் வா, மாரிகாலத்துக்கு முன்னே வா என்று தீமோத்தேயுவைக் கெஞ்சுகிறார். துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார், புஸ்தகங்களையும் கேட்கிறார். கூட ஊழியம் செய்த தேமா விட்டுப்போன வலியை மறைக்கவில்லை. லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறார் என்கிறார். அவ்வளவு பெரிய அப்போஸ்தலனே ஆள் வேண்டும் என்று கேட்டிருக்க, உங்களுக்கு என்ன கூச்சம்? நம்பகமான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

மனசு ஒட்டும்போது பேதுருவின் முதல் கடிதத்தை (1 பேதுரு) ஒரே மூச்சில் படியுங்கள். ஐந்து அதிகாரம்தான், அரை மணி நேரம்கூட ஆகாது. பொந்து, கலாத்தியா, கப்பதோக்கியா, ஆசியா, பித்தினியா நாடுகளில் சிதறியிருந்தவர்களுக்கு எழுதியது. அவர்களுக்கு வந்த தொல்லையில் பெரும்பகுதி ஏச்சும் பேச்சும்தான்: பழைய கூட்டாளிகள், "இவன் ஏன் நம்மோடு சேருவதில்லை" என்று தூஷித்தார்கள். உங்கள் வீட்டு நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டு வேளையில் பிரசங்கமும் வேண்டாம். கேட்டால் சாந்தமாகப் பதில் சொல்லுங்கள், அது போதும்.

வேலை நேரத்தில் சுவிசேஷம் சொன்னதற்கு மெமோ கொடுத்தார்கள். இது உபத்திரவம்தானே?

1 பேதுரு 4:15ஐப் பாருங்கள். இப்படிப்பட்டவனாகப் பாடுபடாதே என்று பேதுரு சொல்லும்போது, கொலைபாதகன், திருடன் வரிசையிலேயே அடுத்தவன் காரியத்தில் தலையிடுகிறவனையும் வைத்திருக்கிறார். வேலை நேரம் சம்பளம் கொடுப்பவருடையது.

நான் சபைக்குப் போவதால் கணவர் அடிக்கிறார். இது உன் சிலுவை, பொறுத்துக்கொள் என்று சபையில் சொல்கிறார்கள்.

அம்மா, பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். காவல்துறையையோ பெண்களுக்கான உதவி மையத்தையோ அணுகுங்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவர் இயேசுவே (மத்தேயு 10:23). அடிவாங்குவதற்குப் பக்தி என்று பேர் வைப்பவர்களிடம் இனி ஆலோசனை கேட்காதீர்கள்.

ஐயா, மேலே சொன்னது தவறு. தானியேல் ஓடினாரா? ஓடுவது விசுவாசக் குறைவு.

சிங்கக் கெபி என்று தெரிந்தும் தானியேல் ஓடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமஸ்குவில் பவுலைக் கொல்லத் தேடியபோது, அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள். ஏரோது தேடியபோது யோசேப்பு குழந்தையை எடுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார். இவர்களையும் விசுவாசக் குறைவு என்பீர்களா?

ஆதி சபையும் இதை யோசித்தது. சிமிர்னா நகரச் சபையின் கண்காணி (பிஷப்) பாலிகார்ப் கைதாவதற்கு முன், நண்பர்கள் வற்புறுத்தியதால் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு விலகிப்போனார். அங்கேயும் தேடி வந்தார்கள் என்றதும் இன்னொரு பண்ணைக்கு மாறினார். அவர் மரணத்தைப் பற்றி அந்தச் சபை எழுதிய பதிவில் குயிந்து என்று ஒருவன் வருகிறான். அதிகாரிகள் முன் தானாகப் போய் நின்றவன், மற்றவர்களையும் வரத் தூண்டியவன். தன்னைக் கிழிக்கப்போகும் மிருகங்களைப் பார்த்ததும் நடுங்கி, ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவிட்டான். ஆகவே தங்களைத் தாங்களே ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை என்று அந்தச் சபையே எழுதி வைத்திருக்கிறது.

தெர்த்துல்லியன் ஓடக்கூடாது என்று தனி நூலே எழுதியிருக்கிறாரே?

படித்தவர் ஒருவர் வந்தார், நல்லது. ஆம், ஆதி சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன் எழுதினார், மொந்தானியர் என்ற கண்டிப்பான பிரிவின் பக்கம் சாய்ந்திருந்த காலத்தில். அதற்கு முன்பு தன் மனைவிக்கு எழுதிய நூலில், அனுமதி இருப்பதால் ஓடுவதே மேல் என்று எழுதியவரும் அவர்தான்.

அவர் ஊரான வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜிலேயே கண்காணி சிப்ரியன் கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியுவின் உபத்திரவத்தில் ஒளிந்திருந்து, கடிதங்கள் வழியாகவே சபையை நடத்தினார். ரோமாபுரிச் சபையின் மூப்பர்களே முகம் சுளித்தார்கள். மேய்ப்பன் ஓடலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். நல்ல மேய்ப்பன் அல்ல, கூலியாள்தான் ஓநாயைக் கண்டு ஓடுவான் என்று இயேசுவே சொன்னார். 258இல் நிலைமை வேறு. அவரை ஆளுநர் இருந்த உத்திக்கா நகரத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். சாவதானால் என் சபையார் நடுவில்தான் என்று அப்போதைக்கு மறைந்துகொண்டார். ஆளுநர் கார்த்தேஜுக்குத் திரும்பியதும் வெளியே வந்தார். செப்டம்பர் 14 அன்று வெட்டப்பட்டார். ஓடியதும் நின்றதும் ஒரே மனிதர். எப்போது எது என்பதை, ஆபத்தில் இல்லாத நாம் வெளியே உட்கார்ந்து சட்டமாக்க முடியாது.

இதெல்லாம் கோழைகளுக்குச் சாக்கு.

அடி வாங்குகிற ஒரு பெண் மேலே கேட்டிருக்கிறார். அவர் படிக்கிற இடத்தில் இப்படிப் பேசாதீர்கள். இந்த வாதம் இத்தோடு போதும்.

எதிர்ப்பு சீக்கிரம் முடிய ஒரு வாக்குத்தத்த வசனம் தாருங்கள்.

இதையே பலர் கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன். அப்போஸ்தலர் 12ஐ முழுசாகப் படியுங்கள். யாக்கோபு பட்டயத்தால் வெட்டுண்டார், பேதுரு சிறையிலிருந்து விடுதலையானார். சபை ஒன்று, காலம் ஒன்று. மிரட்டப்பட்ட சபை அப்போஸ்தலர் 4இல் என்ன ஜெபித்தது என்றும் பாருங்கள்: மிரட்டலை நிறுத்தும் என்றல்ல, தைரியமாய்ப் பேச அருளும் என்று. தேதி சொல்லிக் காணிக்கை கேட்பவர் யாராக இருந்தாலும் பர்ஸைத் திறக்காதீர்கள்.

ஆபீசில் "நீ கிறிஸ்தவனா" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். தூக்கம் வரவில்லை.

தம்பி, பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்புப் பக்கம் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. உயிர்த்த இயேசு அவரைக் கூப்பிட்டதும் கடற்கரையில் கரிநெருப்பு போட்டு, அதில் மீன் வைத்துக்கொண்டுதான். முதலில் சாப்பிட வைத்தார், பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா" என்றார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவே இல்லை. சிப்ரியன் காலத்தில் பயந்து பலி செலுத்தியவர்களும் ஏராளம். 251இல் கார்த்தேஜில் கூடிய கண்காணிகள், மனம் வருந்தினால் அவர்கள் திரும்பி வர வழி வைத்தார்கள். நீங்கள் நாளைக்கு மேஜைமேல் ஏறி அறிவிக்க வேண்டியதில்லை. கேட்டவரிடம் தனியாக, "அன்றைக்குப் பயத்தில் மாற்றிச் சொன்னேன், நான் கிறிஸ்தவன்தான்" என்றால் போதும்.

வழக்குப் போடலாமா?

வக்கீலைக் கேளுங்கள். சட்டத்தை நாடுவது பாவமா என்பது கேள்வியானால், இல்லை. பவுல் சவுக்கடிக்கு முன் ரோமக் குடியுரிமையைச் சொன்னார், இராயனுக்கு அபயமிட்டார், அதாவது பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார்.

இணையத்தில் கேலி செய்பவர்களுக்கு எப்படிப் பதிலடி கொடுப்பது?

கொடுக்காதீர்கள். மறுபடியும் 1 பேதுரு 4:15.

எப்போது முடியும் என்று மட்டுமாவது...

மேலே பாருங்கள்.

எனக்குப் பிரச்சினை இல்லை. தெரிந்த ஒரு சகோதரர் விசுவாசத்துக்காக வேலையை இழந்து சிறையில் இருக்கிறார். ஜெபிப்பதைத் தவிர என்ன செய்யலாம்?

இப்படிக் கேட்க ஒருவர் வந்தாரே! ஒநேசிப்போரு என்ற விசுவாசி ரோமாபுரியில் சிறைப்பட்டிருந்த பவுலை அலைந்து தேடிக் கண்டுபிடித்தார், அவருடைய விலங்கைக் குறித்து வெட்கப்படவில்லை. நீங்களும் அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் கடிதம் எழுதுங்கள், உபதேசம் இல்லாமல் வீட்டுச் செய்தியாக. வீட்டில் மளிகை, வாடகை, பிள்ளைகள் படிப்பு என்ன நிலையில் இருக்கிறது என்று அவர் மனைவியிடம் கேளுங்கள். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள், நீங்கள் நாலாவது மாதமும் போங்கள். அவரைக் கேட்காமல் அவர் படத்தையும் பெயரையும் ஜெபக் குழுக்களில் சுற்றவிடாதீர்கள். அதனால் வழக்கே சிக்கலாகலாம்.