பேச்சு வராத அப்பா காவியம் பாடுவது எப்படி?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி: "மூன்று மாதங்களுக்கு முன் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. 'அது, அது' என்பதைத் தவிரப் பேச்சில்லை. ஆனால் வைகாசிச் சடங்கில் பாடிவந்த அம்மன் காவியத்தை எடுத்துக் கொடுத்தால் சொல் பிசகாமல் பாடுகிறார். கடையில் மிச்சக் காசு குறைந்தால் கையை நீட்டி மறிக்கிறார். பிடிவாதம் என்கிறார்கள் உறவினர்கள். எனக்கோ, புத்தி போய்விட்டதோ என்று பயம்."

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டும் இல்லை. காசைக் கணக்கிட்டு மறிப்பவருக்குச் சிந்தனை வேலை செய்கிறது. அதைச் சொல்லாக்கி வாய்க்கு அனுப்பும் பகுதியே பழுதுபட்டிருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு அது மூளையின் இடப்பக்கத்தில், நெற்றிப் பகுதியில் இருக்கிறது. வலக்கையை இயக்கும் பகுதி அதற்கு அண்மையில் இருப்பதாலும், ஒரே இரத்தக்குழாயின் கிளைகள் இரண்டுக்கும் இரத்தம் கொண்டுசெல்வதாலும், அக்குழாய் அடைபடும்போது கையும் பேச்சும் சேர்ந்தே போகின்றன. 1861இல் பாரிஸில், 'டான்' என்ற ஓரசையை மட்டுமே சொல்லிவந்த நோயாளி இறந்தபின் அவரது மூளையைப் பரிசோதித்து இவ்விடத்தைச் சுட்டிக்காட்டியவர் புரோக்கா என்ற சத்திரசிகிச்சை நிபுணர்.

காவியம் வேறு வழியாக வருகிறது. பல்லாண்டு பாடிப் பழகிய பாட்டில் அடுத்த சொல்லைத் தேட வேண்டியதில்லை; மெட்டும் தாளமும் அதை இழுத்து வருகின்றன, மெட்டைக் கையாள்வதில் சேதமடையாத வலப்பக்க மூளைக்கும் பெரும் பங்குண்டு. பேச்சிழந்தும் தேவாலயப் பாடல்களைப் பாடிய ஒருவரைப் பற்றி 1745இலேயே சுவீடனில் எழுதிவைத்திருக்கிறார்கள். பல பகுதிகள் சேர்ந்து செய்யும் வேலையையே மனம் என்கிறோம் என்பதால்தான், ஒன்று போனாலும் மற்றது நிற்கிறது.

பாடிக்கொண்டிருந்தாலே பேச்சு வந்துவிடும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கிளினிக்கில் பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி கேளுங்கள். 'தண்ணி வேணும்' போன்ற அன்றாடத் தொடரை மெல்ல இழுத்துப் பாடி, அவரது இடக்கையால் அசைக்கொரு தட்டுத் தட்டவைத்து, சேர்ந்து சொல்லிவிட்டுப் பின் உங்கள் குரலைக் குறைத்துக்கொள்ளும் பயிற்சி அப்பாவுக்குப் பொருந்துமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "தேத்தண்ணி வேணுமா?" என்பதுபோலத் தலையசைத்தே பதில் தரக்கூடியதாக ஒவ்வொன்றாகக் கேட்டு, பொறுமையாகக் காத்திருங்கள். உரக்கக் கத்த வேண்டாம், காதில் குறையில்லை. அவரை வைத்துக்கொண்டே "இவருக்கு ஒன்றும் விளங்காது" என்று வந்தவர்களிடம் சொல்வது, என் பார்வையில், நோயைவிடக் கொடியது.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவு, பின்னரும் அது நின்றுவிடுவதில்லை. அடிக்கடி அழுதாலோ உணவை மறுத்தாலோ மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முகம் கோணினாலோ, இடப்பக்கமும் தளர்ந்தாலோ, விடியட்டும் என்று பாராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.