வீட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள், ஆறு ஆண்டுகளாக வீடுகளில் மாறி மாறிக் கூடி ஆராதித்து வருகிறோம். இப்போது இடம் போதவில்லை. நிலம் வாங்கிக் கட்டலாம், பணம் குறைந்தால் கடன் வாங்கலாம் என்கிறார்கள் மூப்பர்கள். “உன்னதமானவர் கைகளினால் செய்யப்பட்ட ஆலயங்களில் வாசமாயிரார்” என்று முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் சொன்னது எனக்கு உறுத்துகிறது. ஆதிச்சபை வீடுகளில்தானே கூடியது? 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் வந்த ஒரு வழக்கத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கட்டடம் தேவைதானா?

ஜா.

அன்புள்ள ஜா.,

தேவையா என்று மட்டும் கேட்டால், இல்லை. கட்டடம் கட்டும்படி புதிய ஏற்பாட்டில் ஒரு கட்டளையும் கிடையாது. சபை என்று நாம் மொழிபெயர்க்கும் ‘எக்ளேசியா’ என்ற கிரேக்கச் சொல் கூடிவந்த மக்களைக் குறித்ததே தவிர, அவர்கள் கூடிய இடத்தை அன்று குறிக்கவில்லை. ஆனால் ஸ்தேவானின் வசனத்தைக் கட்டடத்துக்கு எதிரான தடையாக வாசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வானாதி வானங்களும் கொள்ளாதவரை நான் கட்டிய இந்த ஆலயம் எப்படிக் கொள்ளும் என்று சாலொமோன் கேட்டது, ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த அதே நாளில், அதன் முன்னால் நின்றுதான்.

கான்ஸ்டன்டைன் குறித்து நீங்கள் எழுதியிருப்பதும் பாதி உண்மையே. சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் துரா யூரோப்பஸ் என்றொரு கோட்டை நகரம் இருந்தது. அங்கே 3ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு சாதாரண வீட்டைக் கிறிஸ்தவர்கள் ஆராதனைக்கென்றே மாற்றினார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்துக் கூடம் ஆக்கினார்கள், இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டி, அதன் சுவர்களில் நல்ல மேய்ப்பனையும் கல்லறைக்குச் செல்லும் பெண்களையும் தீட்டினார்கள். பாரசீகப் படையின் முற்றுகைக்கு அஞ்சி ரோமர்கள் கோட்டைச் சுவரை ஒட்டிய தெருவை மண்ணால் நிரப்பியதால் அந்த வீடும் புதைந்தது. நகரம் 256 வாக்கில் வீழ்ந்தாலும் ஓவியங்கள் பிழைத்தன. 303இல், கான்ஸ்டன்டைனுக்கு முன்பு, ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியதே நிக்கொமேதியாவில் தன் அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரிந்த தேவாலயத்தை இடித்துத்தான். இடிப்பதற்கு ஒரு கட்டடம் அப்போதே இருந்தது. கான்ஸ்டன்டைன் காலத்தில் மாறியது அளவும் செல்வமும்தான். அப்போதும், சாமி உள்ளே, கூட்டம் வெளியே என்றிருந்த ரோமானியக் கோயிலின் வடிவத்தை அவர்கள் எடுக்கவில்லை. வழக்கு விசாரணைக்கும் வணிகத்துக்கும் ஊரார் கூடிய பசிலிக்கா என்ற பொது மண்டபத்தையே எடுத்தார்கள். உள்ளே இருக்க வேண்டியவர்கள் மனிதர்கள் என்பது அந்தத் தேர்விலேயே தெரிகிறது.

வீட்டுச்சபையைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக விட்டுவிடுவது ஒன்றுண்டு: வீட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா, பிலேமோன் என்று வீட்டுக்காரர்களின் பெயரால்தான் அந்தச் சபைகளை நாம் அறிகிறோம். பலரைக் கூட்டுமளவு பெரிய வீடு வைத்திருந்தவர் வசதியுள்ளவராகவே இருந்திருப்பார். கொரிந்துவில் அதுவே வினையாயிற்று. கர்த்தருடைய பந்திக்கு முன்னதாக வந்தவர்கள் உண்டு முடிக்க, பிறகு வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். “புசிக்கிறதற்கும் குடிக்கிறதற்கும் உங்களுக்கு வீடுகள் இல்லையா?” என்று பவுல் கோபத்துடன் கேட்கும்போது, வீடு வேறு, சபை வேறு என்ற கோட்டை அவரே போட்டுவிடுகிறார். உங்கள் குழுவில் ஒருமுறைகூடத் தம் வீட்டில் ஆராதனை வைக்காத குடும்பம் எது, ஏன் வைக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஒற்றை அறையில் வசிப்பவர் ஆறு ஆண்டுகளாக விருந்தாளியாகவே இருந்திருக்கலாம். அறிமுகமற்ற ஒருவர், யாருடைய அழைப்பும் இல்லாமல் ஒரு வீட்டின் கதவைத் தட்டி ஆராதனைக்கு வருவதும் அரிது. பொது வாசல் உள்ள கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, யாருக்கும் பதில் சொல்லாமல் எழுந்து போக அவரால் முடியும்.

ஜப்பானில் 1614இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட பிறகு, நாகசாகியைச் சுற்றியிருந்த கிராமங்களில் விசுவாசிகள் ஆலயமின்றி, பின்னர் குருக்களுமின்றி, இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தங்கள் வீடுகளுக்குள்ளேயே ஞானஸ்நானம் கொடுத்து, ஜெபங்களை வாய்மொழியாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வாழ்ந்தார்கள். கட்டடம் இல்லாமல் விசுவாசம் பிழைக்கும் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் 1865 மார்ச் 17 அன்று, அங்கே வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஓரா தேவாலயத்தின் வாசலுக்கு உரகாமி ஊரிலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. அவர்களில் ஒரு பெண், பெத்தீஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம், தங்கள் இருதயமும் அவருடைய இருதயமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னார். மரியாளின் சுரூபம் எங்கே என்று கேட்டார். தடை அப்போதும் நீங்கவில்லை. அதன்பின் உரகாமி மக்கள் ஆயிரக்கணக்கில் நாடுகடத்தப்பட்டார்கள். கட்டடம் இல்லாமலே வாழப் பழகியவர்கள், தங்களைப் போன்றவர்கள் வேறு எங்காவது இருக்கிறார்களா என்று தேடத் துணிந்தபோது, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த ஒரு கட்டடத்துக்குத்தான் வந்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் மூப்பர்களின் திட்டத்துக்கு நான் கையெழுத்திட மாட்டேன். கட்டடம் தானே சொந்தக்காரராக மாறிவிடும் அபாயம் உண்டு. ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குப் பணம் திரட்டப் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டதும், 1517இல் லூத்தர் எதிர்த்து எழுந்ததும் நீங்கள் அறிந்த கதைதான். சிறிய அளவில் அது எங்கும் நடக்கிறது. வட்டி கட்ட வேண்டிய மாதங்களில் பிரசங்கம் எந்த அதிகாரத்திலிருந்து தொடங்கினாலும் காணிக்கையில்தான் போய் முடியும்.

வீட்டிலேயே தொடர விரும்பினால், அமெரிக்காவில் பழைய மரபைப் பேணி வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழி இருக்கிறது. ஆராதனைக்கான பெஞ்சுகளை ஒரு வண்டியில் ஏற்றி, முறை வந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். வீடுகள் கொள்ளாத அளவு கூட்டம் பெருகினால் சபையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வெளியே வர விரும்பினால், எபேசுவில் பவுல் செய்தது போதும்: அவர் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பேசினார், தனக்கென்று ஒன்றும் கட்டவில்லை. நீங்களும் ஒரு பொதுக்கூடத்தை ஞாயிறு காலைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். வீட்டுக்காரர் இல்லாத இடத்துக்கு யார் புதிதாக வருகிறார்கள், இதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தவர்களில் யார் முன்வரிசைக்கு வருகிறார்கள் என்று ஓர் ஆண்டு பாருங்கள். நிலத்தைப் பற்றிய பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.