கொள்ளுத்தாத்தாவின் வெள்ளிப் பதக்கம்

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சேர்ந்து, 1916இல் மெசபொடேமியாவில் (இன்றைய இராக்கில்) சண்டையில் இறந்துபோனார் என்பார்கள். அவருடைய வெள்ளிப் பதக்கம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒருபுறம் அரசரின் தலையும் மறுபுறம் குதிரை வீரனும் உள்ளன. இது வீரச்செயலுக்காகத் தரப்பட்டதா?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: குதிரையின் குளம்படியில் கழுகு பொறித்த கேடயம் ஒன்று மிதிபடுவதையும், அருகில் 1914, 1918 என்ற ஆண்டுகளையும் காண்பீர்களானால், அது முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். குதிரையில் இருப்பவர் இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜ். கழுகு, எதிரி ஜெர்மனியின் முதன்மை அரசான பிரஷ்யாவின் சின்னம். வீரச்செயலுக்கான விருது அன்று. போர்ப்பணிக்குச் சென்றவர்களுக்குப் பொதுவாக வழங்கப்பட்டது. இறந்தவரின் பதக்கம் குடும்பத்தாரிடம் சேர்க்கப்பட்டது. பெரும்பாலும் இதனுடன் வானவில் நிற நாடா கொண்ட வெண்கல வெற்றிப் பதக்கமும் வந்திருக்கும். பெட்டியில் தேடிப் பாருங்கள். போரில் கூலிவேலைக்குச் சேர்க்கப்பட்ட தொழிலாளர் படையினர் பலருக்கு இதே போர்ப் பதக்கத்தை வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். பதக்கத்திலும் படிநிலை பார்த்த அரசு அது.

எல்லாருக்கும் கொடுத்ததுதானே என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். பதக்கத்தைக் கிடையாகப் பிடித்து, வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால், விளிம்பைச் சுற்றி அவருடைய எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். மெசபொடேமியாவில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,500க்கும் மேற்பட்டோருக்காக 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்தில், பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களைச் சுவரில் வெட்டியவர்கள், அதிகாரி அல்லாத இந்தியர்களுக்குப் படைப்பிரிவின் பெயரையும் இறந்தோர் எண்ணிக்கையையும் மட்டுமே பொறித்தார்கள். பெயர்கள் தனியே ஓர் ஏட்டோடு நின்றுவிட்டன. இந்தப் பாகுபாட்டைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021இல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சுவரில் இடம் கிடைக்காத அந்தப் பெயர் உங்கள் கையில் இருக்கும் வெள்ளியின் விளிம்பில் இருக்கிறது.

ஆகவே புளியோ திருநீறோ போட்டுத் துலக்க வேண்டாம். தேய்க்கத் தேய்க்க முதலில் மங்குவது அந்த எழுத்துகள்தாம். பட்டறையில் கொடுத்து மெருகேற்றவும் வேண்டாம். வெள்ளி விலைக்காக உருக்கப்பட்ட பதக்கங்கள் எத்தனையோ, உங்களுடையது தப்பியிருக்கிறது. விளிம்பில் உள்ளதை எழுத்து மாறாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அந்த எண்ணையும் படைப்பிரிவையும் வைத்துத் தேடுங்கள். நம் ஊர்ப் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், பெயரைவிட எண்ணை நம்புவதே நல்லது.