பெயரை மறைப்பது யாருக்காக?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் கைவிடப்பட்ட மனநல மருத்துவமனைகளின் புகைப்படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். சிலவற்றை இணைத்திருக்கிறேன். உரிந்து தொங்கும் பெயின்ட், முடிவில்லாத தாழ்வாரங்கள், பேய்கள் மட்டுமே உலவும் வார்டுகள். இந்த அழகை ரசிப்பது தவறா? இவற்றை மூடியது சரிதானா?

எம்.

அன்புள்ள எம்.,

ரசியுங்கள், தவறில்லை. அழகாக இருக்க வேண்டும் என்றே கட்டியவைதான் அவற்றில் பல. வெளிச்சமும் காற்றும் மனதைத் தேற்றும் என்று 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் கிர்க்பிரைடு என்ற மருத்துவர் நம்பினார். ஒவ்வொரு வார்டையும் சற்றுப் பின்தள்ளி, எல்லா ஜன்னலுக்கும் வெயில் வரும்படி அமைக்கச் சொன்னார். பிறகு நெரிசல் அந்தக் கனவைத் தின்றது. 1955இல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். மூடியது சரி. வெளியே வந்தவர்களுக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன சமூக மனநல மையங்களைப் போதிய அளவு கட்டாமல் விட்டது அநியாயம். சரி, அது போகட்டும்.

பேய்கள் என்று எப்படி எழுத மனம் வந்தது உங்களுக்கு? அங்கே படுத்திருந்தவர்கள் மனிதர்கள். பெயரோடு வந்தவர்கள்.

நியூயார்க் மாநிலத்தின் வில்லர்ட் மருத்துவமனை 1995இல் மூடப்பட்டபோது, பரணில் நோயாளிகளின் பெட்டிகள் 400க்கு மேல் கிடைத்தன. உடைகள், கடிதங்கள், குடும்பப் படங்கள். திரும்பிப் போவோம் என்று நினைத்துக் கட்டிய பெட்டிகள். புகைப்படக் கலைஞர் ஜான் கிறிஸ்பின் அவற்றைப் படம் எடுத்தார். ஆனால் தனியுரிமை விதி காரணமாக, உரியவர்களின் முழுப்பெயரை அவரால் வெளியிட முடியவில்லை. அந்த மருத்துவமனையின் இடுகாட்டிலும் ஆயிரக்கணக்கான குழிகளுக்கு வெறும் எண்தான் அடையாளம்.

உயிரோடிருப்பவரின் நோயை ரகசியமாக வைப்பது நியாயம். செத்துப் பல பத்தாண்டுகள் ஆனவரின் பெயரை மறைத்து யாரைக் காப்பாற்றுகிறோம்?

எனக்கு ஓர் அத்தை இருந்தார். மனநல மருத்துவமனையில் சேர்த்த நாளிலிருந்து வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. கேட்டால், "அவ நல்லதுக்குத்தான்" என்பார்கள். வளர்ந்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். அவர் முதலில் கேட்டது, "என்னை யாராவது விசாரிச்சாங்களா?" என்றுதான். பெயரை மறைத்தது அவருக்காக இல்லை, எங்கள் மானத்துக்காக. விதிமுறை என்ற பெயரில் அதையே ஓர் அரசு செய்தால் மட்டும் அது கண்ணியமாகிவிடுமா?

வேறு வழி இருக்கிறது. ஆரிகன் மாநில மருத்துவமனையில் சுமார் 3,500 பேரின் சாம்பல், யாரும் கேட்டு வராமல் செப்புக் குவளைகளில் கிடந்தது. களிம்பேறி நீலமும் பச்சையுமாகப் பூத்த அந்தக் குவளைகளை டேவிட் மைசெல் எடுத்த படங்கள் நீங்கள் அனுப்பியவற்றைவிட அழகு. ஆனால் அந்த மாநிலம் படங்களோடு நிற்கவில்லை. பெயர்ப் பட்டியலையே வெளியிட்டது. அதில் தங்கள் வீட்டுப் பெயரைக் கண்டு, சாம்பலை வாங்கிப்போன குடும்பங்கள் உண்டு. வெட்கப்பட்டு யாரும் செத்துப்போகவில்லை.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றில்கூட மருத்துவமனையின் பெயர் இல்லை. முதலில் அதைத் தேடுங்கள். அப்புறம், அங்கே இறந்தவர்களை எங்கே புதைத்தார்கள், குழிகளில் பெயர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தெரிந்ததை எனக்கு எழுதுங்கள்.